பாட்டி வைத்தியத்தைப் பழிக்க வேண்டாம், பாட்டி பெயரில் விற்பவனைப் பிடியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டுக் கருத்துப் போடுகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு புலம்பல் சுற்றுகிறது. "பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். அமெரிக்கக்காரன் பள்ளிக்கூடம் கட்டினான், இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தான். இன்று அந்த நாட்டு இளைஞர்களுக்குத் தாத்தா பாட்டியின் மூலிகை தெரியாது. நாளை நம் பிள்ளைகளுக்கும் இதே கதிதான்" என்று. அதற்குக் கீழேயே இன்னொரு கூட்டம் வந்து நிற்கிறது. "அங்கே காலேஜ் படித்த பையனும் மந்திரவாதியிடம்தான் போகிறான், கையில் போன் இருந்தும் மூளை இல்லை" என்று சிரிக்கிறது.

இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆளைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். அந்த நாட்டு இளைஞனை. இரண்டு பேர் சொல்வதும் தவறு என்பதுதான் என் வாதம்.

பிலிப்பைன்ஸைப் பற்றி உனக்கென்ன அக்கறை என்று கேட்பீர்கள். நம் ஊர்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் டவாவோ போன்ற நகரங்களுக்கு மருத்துவம் படிக்கப் போயிருக்கிறார்கள். அது ஒன்று. இன்னொன்று, அவர்களுடைய மூலிகைப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பாதி நம் கொல்லைப்புறத்தில் நிற்பவை. அவர்கள் லகுந்தி என்பது நம்முடைய நொச்சி. அம்பலாயா என்பது பாகல். பயபாஸ் கொய்யா. அகபுல்கோ நம் சீமை அகத்தி. தவா-தவா நம் அம்மான் பச்சரிசி. முருங்கைக்கு அங்கே மலுங்காய் என்று பெயர். சொல்லிப் பாருங்கள், காதுக்கே உறவு தெரியும். ஆகவே அங்கே நடப்பது நமக்கு அந்நியமான கதை அல்ல.

முதல் கேள்வி. மறந்துவிட்டார்களா?

இல்லை. அங்கே பச்சைக் குழந்தையைப் புதியவர் ஒருவர் வாய்விட்டுப் புகழ்ந்தால் குழந்தைக்கு "உசோக்" பட்டுவிடும் என்பார்கள். நம் கண்ணேறு போல. தீய பார்வை போகட்டும் என்று எச்சில் தொட்டுக் குழந்தையின் வயிற்றில் வைப்பதும் உண்டு. இஸ்திரி போட்ட சூட்டோடு கையைத் தண்ணீரில் நனைத்தால் "பஸ்மா" வரும், கை நடுங்கும் என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை அந்த நாட்டில் அபூர்வம். சுளுக்குப் பிடித்தால் எண்ணெய் தேய்த்து நீவிவிடும் "ஹிலோட்" உண்டு. மூலிகையும் மந்திரமும் தெரிந்த "அல்புலாரியோ" உண்டு. இந்தச் சொல்லே மூலிகைக்காரனைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. படிகாரத்தைத் தணலில் போட்டு, உருகிய வடிவத்தைப் பார்த்து என்ன தோஷம் என்று சொல்கிற "தவாஸ்" முறையும் உண்டு. நம் வீடுகளில் படிகாரம் சுற்றிப் போடுகிறோமே, அதற்குத் தூரத்துச் சொந்தம். மணிலாவில் கியாப்போ தேவாலயத்தைச் சுற்றி மூலிகைக் கட்டுகளும் தாயத்துகளும் இன்றும் கடைபோட்டு விற்கிறார்கள்.

இவற்றின் நடுவில் வளர்ந்த பிள்ளை சளிக்கு லகுந்தி சிரப் குடிக்கிறான், காய்ச்சல் அதிகமானால் பாராசிட்டமால் போடுகிறான், சுளுக்குக்கு ஹிலோட் போகிறான், எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே எடுக்கிறான். அவனுக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. இரண்டு கட்சி கட்டிக்கொண்டு சண்டை போடுவது நாம்தான், அவன் அல்ல.

இரண்டாவது கேள்வி. அந்த நாடு தன் மூலிகைகளைக் கைவிட்டதா?

இதைத்தான் புலம்புகிறவர்கள் படிக்க வேண்டும். 1974-லேயே அங்கே மருத்துவத் தாவரங்களுக்கென ஒரு தேசிய ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராக மக்கள் பயன்படுத்தும் செடிகளை எடுத்து, எது வேலை செய்கிறது, எவ்வளவு கொடுக்கலாம், எது ஆபத்து என்று ஆராய்ந்தார்கள். அந்த வேலையிலிருந்து வந்ததுதான் இன்று சுகாதாரத் துறை பரிந்துரைக்கும் பத்து மூலிகைப் பட்டியல். இருமலுக்கும் லேசான ஆஸ்துமாவுக்கும் லகுந்தி. சிறுநீர்க் கல்லுக்குச் சம்போங். படை, தேமலுக்கு அகபுல்கோ. வயிற்றுப் பூச்சிக்கு நியோக்-நியோகன், அதாவது நம் வீட்டு வாசலில் படர்கிற ரங்கூன் மல்லியின் விதை. புண் கழுவ கொய்யா இலை. இப்படிப் பத்து.

ஹுவான் ஃபிளாவியே என்று ஒரு மருத்துவர். கிராமம் கிராமமாகப் போய் வைத்தியம் பார்த்தவர், அந்த அனுபவத்தைப் புத்தகமாகவும் எழுதியவர். 1992-ல் சுகாதார அமைச்சர் ஆனார். இந்தப் பத்து மூலிகைகளை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் அவர்தான். பிறகு செனட்டர் ஆகி, பாரம்பரிய மருத்துவத்துக்கென ஒரு தனிச் சட்டம் கொண்டுவரப் பாடுபட்டார். 1997 டிசம்பரில் அந்தச் சட்டம் வந்தது. அதற்கென ஒரு தேசிய நிறுவனமும் அமைந்தது. லகுந்தி இன்று மாத்திரையாகவும் சிரப்பாகவும் மருந்துக்கடையில் கிடைக்கிறது. மருத்துவரே எழுதிக் கொடுக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். ஒரு பாட்டி "இருமலா, லகுந்தி இலையைக் கொதிக்க வை" என்றாள். "பாட்டி சொன்னாள், அதனால் சரி" என்று அந்த நாட்டு ஆராய்ச்சியாளர்கள் விட்டுவிடவில்லை. "கிழவிக்கென்ன தெரியும்" என்றும் தள்ளவில்லை. சோதித்தார்கள். தேறியதை மருந்தாக்கினார்கள். பாட்டிக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மூன்றாவது. அப்படியானால் கோளாறு எங்கே?

சோதனையில் தேறிய மருந்துக்குப் பக்கத்திலேயே, சோதனை என்ற வாசலையே மிதிக்காத நூறு டப்பாக்கள் உட்கார்ந்திருக்கின்றன. கோளாறு அங்கே. மங்குஸ்தான் தோல் பொடி, முருங்கை மாத்திரை, பார்லித் தூள், பெயர் தெரியாத பத்துப் பதினைந்து இலைகளின் கலவை. சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகம், புற்றுநோய் என்று எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா. சட்டப்படி இவை உணவுத் துணைப்பொருள், மருந்து அல்ல. பல வருடங்களாக விளம்பரத்தின் கடைசியில் "அங்கீகரிக்கப்பட்ட நோய் தீர்க்கும் பண்பு எதுவும் இல்லை" என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் ரயில் வேகத்தில் ஓடும். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர் காதில் "அங்கீகரிக்கப்பட்ட" என்ற சொல் மட்டும் விழும். அதனால்தான் 2010-ல் சுகாதாரத் துறை, "இது மருந்தல்ல, எந்த நோய்க்கும் மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது" என்று பிலிப்பினோ மொழியிலேயே போட வேண்டும் என உத்தரவிட்டது.

ஆனால் வியாபாரி அதற்குள் தொலைக்காட்சியை விட்டுப் போனுக்கு வந்துவிட்டான். உலகிலேயே சமூக ஊடகத்தில் அதிக நேரம் செலவிடும் நாடுகளில் ஒன்று பிலிப்பைன்ஸ். அங்கே மருத்துவர் வில்லி ஓங் என்பவர் மிகப் பிரபலம், கோடிக்கு மேல் பின்தொடர்பவர்கள். அவருடைய படத்தையும் குரலையும் திருடி, அவர் பேரே கேள்விப்படாத டப்பாவை அவர் பரிந்துரைப்பது போல விளம்பரம் செய்கிறார்கள். "அது நான் இல்லை, நம்பாதீர்கள்" என்று அவரே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த விளம்பரத்தில் இரண்டே சொற்கள்தான் மூலதனம். "இயற்கை", "பாரம்பரியம்". பாட்டியின் மேல் பிள்ளைக்கு இருக்கிற பாசத்தை எடுத்து டப்பாவில் ஒட்டி விற்கிறான். பாட்டி கொல்லையில் பறித்துக் கொடுத்ததற்குக் காசு வாங்கவில்லை. இவன் வாங்குகிறான். பாட்டி "மூன்று நாளில் சரியாகவில்லையென்றால் டாக்டரிடம் காட்டு" என்றாள். இவன் "டாக்டர் மாத்திரையை நிறுத்து" என்கிறான். இரண்டையும் ஒரே "பாரம்பரிய மருத்துவம்" என்ற கணக்கில் எழுதுகிறவர்கள் பாட்டியைத்தான் அவமானப்படுத்துகிறார்கள்.

நான்காவது. "சாப்பிட்டால் என்ன, கெடுதல் இல்லையே?"

இந்தக் கேள்விக்குத்தான் உயிர் போகிறது. டெங்குவை எடுத்துக்கொள்வோம். 2019 ஆகஸ்டில் பிலிப்பைன்ஸ் அரசு டெங்குவைத் தேசியக் கொள்ளைநோயாக அறிவித்தது. அந்த ஒரு வருடத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது, 1,500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டெங்கு என்றதும் அங்கே வீட்டில் முதலில் கொதிப்பது தவா-தவா கஷாயம். இங்கே நிலவேம்பும் பப்பாளி இலைச் சாறும் போல.

இப்போது நோயின் போக்கைக் கவனியுங்கள். காய்ச்சல் தொடங்கி 3 முதல் 7 நாளுக்குள் சூடு தானாக இறங்கும். பெரும்பாலோருக்கு அத்தோடு தேறிவிடும். இரத்தத் தட்டுகளும் பிறகு தானாக ஏறும். கஷாயம் குடித்தாலும் ஏறும், குடிக்காவிட்டாலும் ஏறும். கஷாயம் குடித்த வீட்டில் பேர் கஷாயத்துக்குப் போகிறது.

அது மட்டுமென்றால் பரவாயில்லை, பெருமையைக் கஷாயமே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் டெங்குவில் சிலருக்கு ஆபத்து தொடங்குவதே சூடு இறங்கும் அந்த நேரத்தில்தான். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், இரத்த அழுத்தம் விழும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், பிள்ளை சோர்ந்து கிடப்பது, இவைதான் எச்சரிக்கை மணிகள். சரியான நேரத்தில் அளவாக நீர் ஏற்றினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். "சூடு இறங்கிவிட்டது, கஷாயம் கேட்டது" என்று வீட்டார் நிம்மதியாகத் தூங்கும் இரவில்தான் பிள்ளை கைவிட்டுப் போகிறது. செடி கொல்லவில்லை. செடியைப் பற்றிய தவறான நம்பிக்கை, போக வேண்டிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் கொல்கிறது. சர்க்கரை நோயிலும் இதே கதை. பாகற்காய் சாப்பிடுவதில் ஆபத்தில்லை. பாகல் மாத்திரை வாங்கியதால் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துகிறார்களே, அதில்தான் சிறுநீரகம் போகிறது.

ஐந்தாவது. "படித்தவனும் அல்புலாரியோவிடம் போகிறானே" என்று சிரிப்பவர்களுக்கு.

அந்த நாட்டில் 7,600-க்கும் மேற்பட்ட தீவுகள். மொத்த மருத்துவச் செலவில் சுமார் 44 சதவீதம் மக்கள் தம் சட்டைப்பையிலிருந்து போடுகிறார்கள். உலகத்துக்கே நர்ஸ்களை அனுப்பும் நாடு அது, ஆனால் சொந்தத் தீவில் ஊசி போட ஆள் கிடைக்காது. அல்புலாரியோ பக்கத்துத் தெருவில் இருக்கிறார். நோயாளியின் பேர் தெரியும், அப்பன் பேர் தெரியும். கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார், உட்காரவைத்துக் காதுகொடுத்துக் கேட்கிறார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு படகு, ஒரு ஜீப்னி, ஒரு நாள் கூலி நஷ்டம். இதில் போகிறவனைப் பார்த்து "மூடநம்பிக்கை" என்று சிரிப்பது மனசாட்சி உள்ளவன் செய்கிற வேலையா?

இதற்கு ஆதாரம் கேட்பீர்கள், தருகிறேன். 2008-ல் நடந்த தேசிய ஆய்வின்படி அங்கே 44 சதவீதக் குழந்தைகள்தான் மருத்துவமனையிலோ மகப்பேறு நிலையத்திலோ பிறந்தன. மற்றவை பெரும்பாலும் வீட்டில், ஹிலோட் பார்க்கும் மருத்துவச்சியின் கையில். 2017 ஆய்வில் அது 78 சதவீதம். ஒன்பதே வருடத்தில் இத்தனை மாற்றம். அந்த இளம் தாய்மார்கள் ஒரே இரவில் பகுத்தறிவாளர்கள் ஆகிவிட்டார்களா? இல்லை. மகப்பேறு நிலையம் எட்டும் தூரத்துக்கு வந்தது, காப்பீடு கைகொடுத்தது, போனார்கள். சில ஊர்களில் வீட்டுப் பேறுக்கு அபராதம் என்று மிரட்டியதும் நடந்தது, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பாடம் தெளிவு. கதவைத் திறந்தால் இளைஞர்கள் உள்ளே வருகிறார்கள்.

ஆறாவது. பெரியவர்கள் என்ன லட்சணம்?

2016 ஏப்ரலில் அங்கே பள்ளிக்கூடம் வழியாக டெங்கு தடுப்பூசித் திட்டம் தொடங்கினார்கள். 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்டார்கள். 2017 நவம்பரில், அதுவரை டெங்கு வராதவர்களுக்கு இந்த ஊசிக்குப் பிறகு நோய் வந்தால் கடுமையாகலாம் என்று தயாரித்த கம்பெனியே அறிவித்தது. திட்டம் நின்றது. அடுத்து நடந்தது அரசியல் கூத்து. நிதானமாக விளக்க வேண்டியவர்கள் கேமரா முன்னால் கத்தினார்கள். தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக ஒப்புக்கொண்டவர்கள் 2015-ல் 93 சதவீதம் இருந்தார்கள், 2018-ல் 32 சதவீதம் ஆனார்கள். 2019 தொடக்கத்தில் தட்டம்மை பரவியது. எந்த ஊசியையும் நம்பாத தாய் தட்டம்மை ஊசியையும் தள்ளிப்போட்டாள்.

2020-ல் கொரோனா. செபு மாகாண ஆளுநர் தம் ஊழியர்களுக்குத் "துவோப்", அதாவது நாம் ஆவி பிடிக்கிறோமே அதை, எழுத்திலேயே பரிந்துரைத்தார். அது கொரோனாவைக் குணப்படுத்தாது என்ற மருத்துவர்களைப் பகிரங்கமாகக் கடிந்துகொண்டார். 2021 ஏப்ரலில் கேசோன் நகரில் நாடாளுமன்ற உறுப்பினர்களே ஐவர்மெக்டினைக் கூட்டம் கூட்டி இலவசமாகக் கொடுத்தார்கள். சொல்லுங்கள், இதில் இருபது வயதுப் பிள்ளை செய்த தப்பு எது? நாற்காலியில் இருப்பவர் கண்மூடித்தனமாக நடந்துவிட்டு, "இளைஞர்களுக்கு விவரம் போதாது" என்று கருத்தரங்கு நடத்துவதை என்னவென்று சொல்வது?

ஏழாவது. என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன்.

2022 பிசா தேர்வில் பிலிப்பைன்ஸ் மாணவர்கள் அறிவியலில் எடுத்த சராசரி 356. வளர்ந்த நாடுகளின் சராசரி 485. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு சோதனை எப்படி நடக்கிறது, ஒப்பிடுவது என்றால் என்ன, "எனக்குக் கேட்டது" என்பதற்கும் "எல்லோருக்கும் கேட்கும்" என்பதற்கும் என்ன வித்தியாசம் என்று தெரியவில்லையென்றால், அவன் போனில் வரும் விளம்பரத்தை எதை வைத்து எடைபோடுவான்? பத்து மூலிகைப் பெயரை மனப்பாடம் செய்து எழுதினால் பத்து மதிப்பெண் போட்டுவிடலாம். ஏன் பத்துதான், பதினொன்றாவது ஏன் சேரவில்லை என்று பிள்ளை கேட்கவேண்டும். அந்தக் கேள்விதான் பாடம். நம் ஊர் வகுப்பறைகளும் இதில் ஒன்றும் உசத்தி இல்லை. முப்பத்து சொச்சம் வருடம் சுண்ணக்கட்டி பிடித்த கையால் எழுதுகிறேன்.

இனி வரப்போகும் இரண்டு எதிர்வாதங்களுக்கு முன்கூட்டியே பதில்.

"சோதனை என்பதே மேற்கத்திய சூழ்ச்சி, கம்பெனிக்கு லாபமில்லாத செடியை எவன் சோதிப்பான்?" பாதி நியாயம் உண்டு. கம்பெனி சோதிக்காதுதான். அதனால்தான் அரசுப் பணத்தில் சோதிக்க வேண்டும் என்கிறேன். லகுந்தியைச் சோதித்தவர்கள் பிலிப்பைன்ஸ்காரர்கள், அவர்கள் ஊர்ச் செடி, அவர்கள் ஊர் நோயாளிகள். இதில் மேற்கு எங்கிருந்து வந்தது? பத்தோடு நில்லாமல் ஐம்பது செடியைச் சோதிக்கப் பணம் ஒதுக்கு என்று போராடுங்கள், நானும் வருகிறேன்.

"அப்படியானால் சோதிக்காததெல்லாம் குப்பையா?" இல்லை. சோதிக்காதது என்றால் இன்னும் தெரியவில்லை என்று பொருள். தெரியாததைத் தெரியாது என்று சொல். தொண்டைக் கரகரப்புக்கும் உடம்புவலிக்கும் எதை வேண்டுமானாலும் குடி, நீவிவிடு. பிள்ளைக்கு மூச்சு இழுக்கும்போது, சூடு இறங்கியும் வயிறு வலிக்கிறது என்னும்போது, "தெரியாது" என்பதன் மேல் உயிரைப் பணயம் வைக்காதே.

ஆகவே அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கும் நம் பிள்ளைகளுக்கும் பாரம்பரியத்தை மதிக்கச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மதிப்பு ஏற்கெனவே இருக்கிறது. மூன்று கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தால் போதும். இதை யார், எப்படிச் சோதித்தார்கள்? இதைச் சொல்பவருக்கு இதில் காசு வருகிறதா? இதை நம்பி நான் எதைத் தள்ளிப்போடப் போகிறேன்? மூன்றாவது கேள்வியை இரண்டு முறை கேட்கச் சொல்லுங்கள்.

பாட்டியிடம் போய் இந்த மூன்றையும் கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். டப்பா விற்பவனிடம் கேட்டுப் பாருங்கள், முதல் கேள்விக்கே உங்களை பிளாக் செய்துவிடுவான்.

பகிர விரும்புவோர் தாராளமாகப் பகிரலாம், வெட்டி ஒட்டாமல் முழுதாக. டெங்கு பற்றிய பகுதியை மட்டுமாவது வீட்டுப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மழைக்காலம் வருகிறது.